தோப்புக் கதவு ஒரு நாள் திறந்தது

செருப்பைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். நாற்றம் போகவில்லை. அழுகிய மாங்கூழ் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் வந்தால் கூழ் ஃபாக்டரியில் கழுவி விடும் தண்ணீரும் தோலும் சேர்ந்து நம் ஊர் ஓடையில் மஞ்சளாக நுரைத்துக்கொண்டு வரும். தூரத்தில் நின்றால் இனிப்பு வாசனை. கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நேற்று முழங்கால் அளவு அதில் இறங்கி நடந்தேன். கன்னியம்மாவின் புருஷனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

தோப்பு வழியே இல்லை. தோப்புக் கதவு பூட்டியிருந்தது.

இதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு இவ்வளவு கோபம் வந்து நீ பார்த்ததில்லை. ஒரே கணக்கை ஒரு பிள்ளை பத்துத் தடவை தப்பாகப் போட்டாலும் மறுபடி சிரித்துக்கொண்டே சொல்லித் தருவேன் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். அந்தப் பொறுமையை இப்போது தேடிப் பார்க்கிறேன். காணவில்லை.

நாம் இருவரும் அந்தக் காலனியில் பிறந்தவர்கள். நான் வாத்தியாராகிச் சித்தூர் டவுனுக்கு வந்தேன். நீ பஸ் கண்டக்டராகி, சித்தூர் - திருப்பதி ரூட்டிலேயே காலத்தைக் கழித்து, ரிட்டயர் ஆனதும் முழுநேரக் கட்சிக்காரன் ஆனாய். நம் சின்ன வயதில் காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. புறம்போக்கு. பிறகு பக்கத்து மாந்தோப்பு வளர்ந்தது. முள்வேலி வந்தது. வேலி மதிலானது. மதிலில் இரும்புக் கதவு முளைத்தது. பாதை தோப்புக்குள் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது ஓடை.

அந்தப் பாதையைக் கட்சிக்குள் கொண்டுவந்தவன் நீ. கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாய். எந்தத் தலைவர் வந்தாலும் டீ கொடுத்துவிட்டு, "அப்புறம் அந்தச் சுடுகாட்டு வழி" என்று ஆரம்பிப்பாய். நம் கட்சியில் அப்போதே இரண்டு கோஷ்டி. திருப்பதி வக்கீலும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் ஒரு பக்கம். நிலம், கூலி, சாதி எல்லாவற்றையும் உரக்கப் பேச வேண்டும், யார் கோபித்துக்கொண்டாலும் சரி என்பது அவர்கள் வாதம். மாவட்டத் தலைவரும் அவருடைய ஆட்களும் இன்னொரு பக்கம். எல்லாரையும் அரவணைத்துப் போவோம், முதலில் ஜெயிப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்பது இவர்கள் பேச்சு. நீ இரண்டு பக்கமும் டீ குடிப்பாய். வெளியே வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்வாய்:

"நம்ம கட்சில ரெண்டு சட்னி கீது வாத்தியாரே. ஒண்ணு காரச் சட்னி, ஒண்ணு தேங்கா சட்னி. நான்தான் ருசி, நான்தான் ருசின்னு ரெண்டும் அட்ச்சிக்கினு கீது. இட்லி எங்கடான்னு ஒருத்தனும் கேக்கமாட்றான்."

இந்தத் தேர்தலுக்கு முன்னால் தோப்புக்காரரே நம் கட்சியில் சேர்ந்தார். ஊரே அவரைப் பெரியவர் என்ற பொருளில் 'பெத்தாயன' என்று தெலுங்கில் கூப்பிடும். வக்கீல் கோஷ்டி கொதித்தது. நீ கொதிக்கவில்லை. "வரட்டும்பா. கதவே கட்சிக்குள்ள வர்ற மாதிரி. பக்கத்துல குந்தவெச்சிக் கேக்கலாம்" என்றாய். உனக்கு இருந்த நம்பிக்கையில் பாதி எனக்கு இல்லை. இருந்தாலும் நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேடை அல்ல, சுண்ணாம்பு பக்கெட். ரொம்ப வருஷத்துக்கு முன் நாம் ஒரு தேர்தலில் தோற்றபோது, சந்தைத் தெருவில் ஒரு வீட்டுக்காரம்மா உன்னை நிறுத்திக் கேட்டார்: "தோத்தும் பூட்டீங்க, என் செவுத்தையும் நாசம் பண்ணிட்டீங்க. யாரு துடைக்கிறது?" மறுநாள் காலையில் நீ பக்கெட்டும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக அந்த வாசலில் நின்றாய். அதிலிருந்து அது நம் ஊர்க் கிளையின் வழக்கமாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும், நாம் எழுதிய சுவரை நாமே வெள்ளையடித்துத் திருப்பித் தர வேண்டும்.

அது வெறும் மரியாதை இல்லை என்று எனக்குப் புரிய நாளானது. வெள்ளையடித்துக்கொண்டே நீ பேச்சுக் கொடுப்பாய். அன்று அந்த அம்மாவே கடைசியில் சொன்னார்: "உங்க தலைவரு கேட்டாரு, உனுக்குத்தான் போட்டேன் சாமின்னேன். உன்கிட்ட சொல்றேன், போடல. ஓட்டு கேக்க வந்தப்போ அந்தாளு என் வாசக்கோலத்த செருப்புக் காலால மெதிச்சிக்கினு போனான்." நீ சிரித்த சிரிப்பில் மட்டை கீழே விழுந்தது. அடுத்த தேர்தலில் வேட்பாளருக்கு நீ கொடுத்த முதல் பயிற்சி, கோலத்தைச் சுற்றி நடப்பது.

"மேடைல நிக்கறவன்கிட்ட ஜனம் நல்ல வார்த்த சொல்லும் வாத்தியாரே. பக்கெட்டோட நிக்கறவன்கிட்டதான் உண்மைய சொல்லும்" என்பாய். நான் வகுப்பில் எத்தனையோ முறை இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்க்காதே, கணக்கைப் போட்டுப் பார் என்று.

போலிங்குக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பிரசார வெயிலில் நீ சுருண்டு விழுந்தாய். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை உயிரோடு கொண்டுவர முடியவில்லை. அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று நீ எப்போதோ சொல்லி வைத்திருந்ததால் காலனிக்குக் கொண்டுவந்தோம். இரண்டு கோஷ்டியும் வந்தது. ஒரு பக்கம் வக்கீல் தோள் கொடுத்தார், மறுபக்கம் மாவட்டத் தலைவர் தோள் கொடுத்தார். இரண்டு பேருக்கு முன்னாலும் அவரவர் ஆட்கள் பின்னோக்கி நடந்தபடி போனில் படம் பிடித்துக்கொண்டே போனார்கள். தோப்பு வாசலில் பெத்தாயன வெள்ளைச் சட்டையில் நின்றார். தன் கையாலேயே கதவை அகலத் திறந்தார். "ஆயனுக்காகத் தெறக்கிறேன். இனிமே இந்தக் கதவு மூடாது" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். 'ஆயன்' என்று தெலுங்கு மரியாதையில் அவர் சொன்னது உன்னைத்தான். கை தட்டினார்கள். சாவு ஊர்வலத்தில் கைதட்டலை நான் அன்றுதான் கேட்டேன்.

மறுவாரமே கதவுத் தூணில் உன் பெயரைப் போட்டு, 'நினைவுப் பாதை' என்று நீல பெயின்டில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் கட்சிச் சின்னம். கன்னியம்மா, நமக்கு நாலு வீடு தள்ளி இருந்தாளே, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செத்தும் வழி உட்டுட்டுப் போனாரு பாரு சார்."

கொஞ்ச ஓட்டில் தோற்றோம். ரிசல்ட் வந்த வாரத்திலேயே கதவில் பூட்டு தொங்கியது. கேட்டதற்கு, "காய் சீசன் சார், திருட்டுப் போவுது" என்று பதில் வந்தது. உன் பெயர் தூணில் அப்படியே இருந்தது. பூட்டுக்கு நேர் மேலே.

வழக்கப்படி வெள்ளையடிக்கக் கிளம்பினேன். வக்கீல் கோஷ்டிப் பையன்களைக் கூப்பிட்டேன். "இப்ப யாரு சார் சுண்ணாம்பு அடிக்கிறாங்க? வாட்ஸப்ல கேட்டா ஜனமே சொல்லிடும்" என்றார்கள். மாவட்டத் தலைவர் ஆட்களைக் கூப்பிட்டேன். "திருப்பதில சமீக்ஷா வெச்சிருக்கோம் சார், எல்லாம் அங்க பேசிக்கலாம்" என்றார்கள். தேர்தலுக்குப் பிறகு தோல்விக்குக் காரணம் பேசும் கூட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர். கடைசியில் காலனிப் பெண்கள் இரண்டு பேரும் நானும்தான் போனோம்.

விவசாயிகள் தெருவில் ஒரு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். பாதை விஷயத்தால்தான் எங்களுக்கு ஓட்டு போடவில்லையா என்று கேட்டேன். அவருக்குப் புரியவே இல்லை. "பாதையா? எந்தப் பாதை சார்? உங்க ஜனம் செத்தா எந்த வழியில போனா எனக்கு இன்னா? போன சீசன்ல எங்க காய் லாரி ஃபாக்டரி வாசல்ல நாள் கணக்கா காஞ்சிக்கினு கெடந்துச்சி. வெலைய கேட்டா சிரிக்கிறான். உங்க கட்சில ஒருத்தனாவது வந்து எட்டிப் பாத்தானா?" என்றார். காலனியில் கேட்டால், எல்லாரும் நமக்குத்தான் போட்டிருக்கிறார்கள். உன் சாவு அப்படி.

அவ்வளவுதான் சுவர்கள் சொன்னது. மாங்காய் விலைக்குத் தோற்றோம். சுடுகாட்டுப் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனேன்.

கன்னியம்மாவும் வந்தாள். பாதையைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அவரு ரொம்ப நாளு தாங்கமாட்டாரு சார். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அந்த ஃபாக்டரிலதான் வாழ்நாள் பூரா கூடை தூக்கினாரு. செத்தப்புறமும் அந்தத் தண்ணிலயேவா போவணும்? அதுக்குள்ள கதவு தெறந்துட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

கூட்டம் ஒரு ஹோட்டல் ஹாலில். ஏசி. காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பாதை, பாதை, பாதை. நீ உயிரோடு இருந்தபோது கட்சியில் அந்த வார்த்தையை இத்தனை முறை யாரும் சொன்னதில்லை. மாவட்டத் தலைவர் ஆட்கள், பாதையைக் கிளப்பியதால் விவசாயி ஓட்டு போய்விட்டது, இனிமேல் கொஞ்ச வருஷத்துக்கு அதை வாயில் எடுக்கக் கூடாது என்றார்கள். வக்கீல் எழுந்து, பாதையை அழுத்திப் பேசாததால்தான் ஏழை ஓட்டு விழவில்லை, தோப்புக்காரரை நீக்காவிட்டால் நாங்கள் வெளியேறுவோம் என்றார். அவருக்கு விழாத அந்த ஏழை ஓட்டு யாருடையது? காலனி முழுக்க நமக்குப் போட்டிருக்கிறதே. அவரும் கேட்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

பிறகு உன்னை இழுத்தார்கள். பெத்தாயன மைக்கைப் பிடித்து, "ஆயன் என் தோப்பு வழியாப் போனாரு. எப்பவும் என்கிட்ட சொல்வாரு, மெல்லமாப் போவணும் பெத்தாயனான்னு" என்றார். வக்கீல் மேஜையைத் தட்டி, "பொய். தோழர் கடைசி மூச்சு வரைக்கும் சமரசத்த வெறுத்தவரு" என்றார். நீ மெதுவாகப் போகச் சொன்னதும் இல்லை, வேகமாகப் போகச் சொன்னதும் இல்லை. கதவைத் திறக்கச் சொன்னாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

நான் எழுந்து சுவர்கள் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். "நீங்க பெரியவங்க, உக்காருங்க சார்" என்று மாவட்டத் தலைவர் தெலுங்கில் சொல்லிக் கைகூப்பினார். சரி, கன்னியம்மாவாவது பேசட்டும் என்றேன். வக்கீல் பாய்ந்து வந்து அவளை மேடைக்கு அழைத்துப்போனார். எனக்குக்கூட ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது. அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அக்கா, உங்க சார்பா நான் பேசறேன்" என்றார்.

"எனுக்கு வாயி கீது தம்பி" என்றாள் அவள்.

அவர் அதற்குள் மைக்குத் திரும்பிவிட்டார். பேசி முடித்து, கோஷம் போட்டுக்கொண்டு தன் ஆட்களோடு வெளியேறினார். மீதிப் பேர் சாப்பிடப் போனார்கள். மேடையில் கன்னியம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்: "பஸ்ஸுக்கு நேரமாவுது சார். பாதையப் பத்தி எப்ப பேசுவாங்க?"

வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்து முட்டி சிராய்த்து ரத்தம் வரும். சுற்றி நிற்கிற பிள்ளைகள், நீதான் தள்ளினாய், இல்லை நீதான் தள்ளினாய் என்று சண்டை போடுவார்கள். தண்ணீர் கொண்டுவர யாருக்கும் தோன்றாது. அவர்களை நான் மன்னித்திருக்கிறேன், ஏனென்றால் அவர்களுக்கு எட்டு வயது. இவர்களுக்கு என்ன வயது? நிதானம் என்று பேசுகிறவர்கள் பூட்டுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். புரட்சி என்று பேசுகிறவர்களுக்குப் பூட்டு இருந்தால்தான் பிழைப்பு. கதவு திறந்துவிட்டால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. இப்படி எழுதுவது அநியாயமாக உனக்குத் தோன்றலாம். அந்தப் பையன்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பாய். இருக்கட்டும். நேற்று அவர்களில் ஒருவன் ஓடைக்கரையில், காலில் சேறு படாமல் நின்றுகொண்டு, "சார், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க, வீடியோ ஷேக் ஆவுது" என்று கத்தினான். எங்கள் தோளில் பிணம் இருந்தது.

என்னோடு தூக்கியவர்கள் காலனிப் பையன்கள். ஸ்ரீ சிட்டிக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நடு ஓடையில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அந்த மஞ்சள் நுரை கன்னியம்மா புருஷனின் காலில் பட்டது. அவள் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நடந்தாள். அப்போது என் பையில் போன் அடித்தது. கரையேறிய பிறகு பார்த்தேன், மாவட்டத் தலைவர். திருப்பிக் கூப்பிட்டபோது, "உள்ளாட்சித் தேர்தல் வருது சார், இப்ப இதைப் பெருசு பண்ண வேணாம்" என்றார். மாலை அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

இன்று காலை பக்கெட்டை எடுத்துக்கொண்டு தோப்பு வாசலுக்குப் போனேன். அடிக்காமல் விட்டிருந்த ஒரே சுவர் அதுதான். முதலில் சின்னத்தை அழித்தேன். பிறகு உன் பெயரை. நீல பெயின்ட், ஒரு பூச்சில் மறையவில்லை. இரண்டாவது பூச்சு அடிக்கும்போது பெத்தாயன வந்துவிட்டார்.

"ஏம் சார் இது? ஆயன் பேரு சார். அழிச்சா பாவம்."

"ரிசல்ட் வந்தா செவுத்த சுத்தம் பண்றது எங்க வழக்கம்."

"கோவம் வேணாம் சார். சீசன் முடியட்டும், பாக்கலாம்."

"சீசன் பாத்து சாவச் சொல்லட்டுமா எங்க ஜனத்த?"

நான் அடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, உண்மையான பிரியத்தோடு சொன்னார்: "உங்களுக்கு நான் ஒரு குறையும் வெக்கமாட்டேன் சார். என் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவரு நீங்க. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா, ஆயனுக்குத் தெறந்த மாதிரி நானே வந்து தெறப்பேன். மாலையோட நிப்பேன்."

மனதாரச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன்னைத் தோப்பு வழியே கொண்டுபோனதும் இந்தப் பிரியம்தான். கன்னியம்மா புருஷனைச் சாக்கடையில் இறக்கியதும் இதே பிரியம்தான். யாருக்குத் திறக்கலாம் என்கிற முடிவை அவர் கையில் வைத்திருக்கிறார். நாம் அதற்குக் கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நான் போனால் ஓடை வழியேதான். யார் கதவைத் திறந்து வைத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டாலும் அதற்குள் நுழையக் கூடாது. எல்லாருக்கும் திறந்த பிறகு வேண்டுமானால் போகட்டும். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சோறு துன்றப்போ பேசற பேச்சா நைனா இது? அந்த நாத்தத்துல உன்ன யாரு தூக்கிக்கினு போவாங்க?"

"அப்போ நான் உசுரோட இருக்கச்சொல்லவே தெறக்க வெச்சிடலாம் வா" என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாளைக்கு அவளும் லீவு போட்டிருக்கிறாள்.

நாளைக்குக் காலனி ஜனம் தாசில்தார் ஆபீசுக்குப் போகிறோம். அந்தப் புறம்போக்கை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறோம். கொடி இல்லை, கோஷம் இல்லை. மத்தியானமே இரண்டு கோஷ்டியிலிருந்தும் போன் வந்துவிட்டது, யார் தலைமையில் போகிறீர்கள் என்று. யார் தலைமையிலும் இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கேட்கிற பழக்கம். முகம் சுளிக்கிறவர்கள் முன்னால் டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்பது. எனக்கு அது இயல்பாக வராது, வாத்தியார்களுக்குச் சொல்லித்தான் பழக்கம். ஆனாலும் இந்தக் கோபம் ஆறாமல் இருக்கும்வரை எனக்கும் வரும் என்று நினைக்கிறேன். ஆற விடமாட்டேன். நாளை அந்த ஆபீஸ் வாசலில் கன்னியம்மா முன்னால் நின்று கேட்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன். பேச மாட்டேன்.